ஸ்பேர் நோ பெயின்ஸ்

இங்கிலீஷில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம். இத்தனை வருஷம் கல்கத்தாவில் இருந்தும் இரண்டாவதாக ஒன்றை நான் கற்றுக்கொள்ளவில்லை. பாதி வாக்கியம் ஒன்று உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தலைநகரம் டில்லிக்குப் போவதற்கு முந்திய காலம் அது. என் அக்காளைக் கட்டிய அத்தான் இங்கே ஒரு சணல் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவர்தான் என்னைத் திருநெல்வேலியிலிருந்து வரவழைத்தார். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். தகப்பனாரின் ஜவுளிக்கடை முழுகிப்போனதும் அண்ணன்மார் ஆளுக்கொரு திக்காகப் போனார்கள். எனக்குப் போக இடம் இல்லை. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. அந்தக் கடையிலேயே, வந்தவர்களிடம் என்ன வேண்டும் என்று நான் கேட்பதற்குள் அவர்கள் பக்கத்துக் கடையில் ஏறியிருப்பார்கள்.

கம்பெனியில் கடிதங்களைப் பிரதி எடுக்கும் இடத்தில் ஓர் ஆள் தேவைப்பட்டது. துரையைப் பார்க்கப் போவதற்கு முந்தின நாள் அத்தான் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மாப்ளே, நாளைக்குத் துரை முன்னால நீ பேசாம நின்னேன்னு வையி, ஊமைன்னு நெனச்சிருவான். ஒரு வரி சொல்லித் தாரேன். அத மட்டும் சொல்லிட்டுக் கும்பிட்டுரு. ஐ ஷேல் ஸ்பேர் நோ பெயின்ஸ், சார். எங்க, சொல்லு."

சொன்னேன். சரியாக வரும்வரை சொல்லவைத்தார்.

"இதுக்கு அர்த்தம் என்ன அத்தான்?"

"சிரமம் பாக்காம ஒழைப்பேன்னு அர்த்தம். இந்த ஊர்ல வேல கேட்டு மனு எழுதுத எவனும் இந்த வரி இல்லாம முடிக்க மாட்டான். நானும் இத எழுதித்தான் உள்ள நொழஞ்சேன்."

"பெயின்ஸ்னா?"

"சிரமம்."

"ஸ்பேர்னா?"

"நீ என்னவே, பரீட்சைக்கா போற? மொத்தமா முழுங்கு. மென்னு பாத்தா தொண்டைல சிக்கிக்கிடும்."

மறுநாள் துரை என்னிடம் என்ன கேட்டாரோ தெரியாது. அவர் வாய் மூடியதும் நான் ஒரே மூச்சில் அதைச் சொன்னேன். 'குட்' என்றார். வேலை கிடைத்துவிட்டது.

அந்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போது கார்பன் காகிதம் வந்துவிட்டதால் பலருக்கு அது தெரியாது. வெளியே போகிற கடிதங்களை ஊதா நிறத்தில் ஒரு தனி மையினால் எழுதுவார்கள். மெல்லிய தாள்களாலான தடித்த புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கும். அந்தத் தாளைத் துணியால் நனைத்து, கடிதத்தை அதற்கடியில் வைத்து, புத்தகத்தை மூடி, இரும்பு அழுத்தியின் கீழே வைத்துச் சக்கரத்தைத் திருக வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் கடிதத்தின் எழுத்து தாளில் ஏறியிருக்கும். சக்கரம் திருகுவது யாராலும் ஆகும். ஈரம்தான் கஷ்டம். தாள் அதிகம் நனைந்திருந்தால் மை பரவி எழுத்தெல்லாம் கலங்கிப்போகும், கடிதமும் கெட்டுவிடும். போதாமல் நனைந்திருந்தால் எழுத்து ஏறாது. மழைக்காலத்தில் ஒரு மாதிரி, சித்திரையில் ஒரு மாதிரி. வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் தாளில் லேசாக வைத்து எடுத்தால் எனக்குத் தெரிந்துவிடும். மற்றபடி நான் கெட்டிக்காரன் இல்லை. அந்த இரண்டு விரலுக்குத்தான் சம்பளம்.

பேசத் தெரியாதவனுக்கு அந்த ஒரு வாக்கியம் சௌகரியமாக இருந்தது. துரைமார் யார் வந்து எதைக் கேட்டாலும் அதையே சொன்னேன். சீக்கிரம் முடி என்று சொல்லியிருந்தாலும் அது பொருந்தியது. ஏன் தாமதம் என்று கேட்டிருந்தாலும் பொருந்தியது. வங்காளி குமாஸ்தாக்கள் எனக்குப் 'பெயின்-பாபு' என்று பேர் வைத்தார்கள். எங்கள் பகுதியின் தலைமைக் குமாஸ்தாவைப் பெரிய பாபு என்பார்கள், வாய் நிறைய வெற்றிலை போடுகிறவர். டப்பாவைத் திறந்து என் முன்னால் நீட்டுவார்.

"எடுத்துக்கோ பெயின்-பாபு, வெட்கப்படாதே. ஸ்பேர் நோ பான்!"

அறை முழுவதும் சிரிக்கும். நானும் சிரித்துவிட்டு ஒரு பான் எடுத்துக்கொள்வேன். அவர் மனத்தில் கல்மிஷம் கிடையாது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தது. காளிகாட்டில் ஒரு வங்காளி வீட்டின் பின்கட்டில் ஓர் அறை எடுத்து, மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துவந்தேன். அவர்கள் வந்த சில மாதத்தில்தான் அது நடந்தது.

கடிதங்களைச் சேர்த்துக் குத்தியிருக்கும் குண்டூசி ஒன்று என் நடுவிரல் நுனியில் ஏறிவிட்டது. தினமும் ஏறுவதுதான். உறிஞ்சித் துப்பிவிட்டு வேலையைப் பார்த்தேன். இரண்டு நாளில் விரல் தெறிக்க ஆரம்பித்தது. என் விரல்கள் எப்போதும் மையேறி ஊதாவாகவே இருக்கும். சோப்புப் போட்டாலும் போகாது. அதனால் உள்ளே சிவந்திருக்கிறதா, கறுத்திருக்கிறதா என்று பார்க்க முடியவில்லை.

"நகச்சுத்துதான்" என்று சொல்லி என் மனைவி ஓர் எலுமிச்சம்பழத்தில் துளைபோட்டு விரலில் செருகிவிட்டாள். அப்படியே டிராமில் ஏறி ஆபீசுக்குப் போனேன்.

பெரிய பாபு அதைக் குனிந்து பார்த்தார். "இது என்ன, மதராஸில் விரலையும் ஊறுகாய் போடுவீர்களா?"

சாயங்காலம் வீட்டுச் சொந்தக்காரியான வங்காளி அம்மாள் பார்த்தாள். நாங்கள் அவளைச் சித்தி என்ற அர்த்தத்தில் மாஷிமா என்று கூப்பிடுவோம். அவள் எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேப்பிலையை அரைத்துச் சூடாகக் கட்டினாள். என் மனைவிக்கு அதில் வருத்தம். அவளுக்கு அப்போது வங்காளி தெரியாது. மாஷிமா போனபிறகு, "பழம் போட்டிருந்தா உடைஞ்சிருக்கும்" என்றாள்.

எதுவும் உடையவில்லை. வீக்கம் உள்ளங்கைக்கு வந்தது. பிறகு ஜுரம். முழங்கைவரை சிவப்பாக ஒரு கோடு ஓடியிருக்கிறது என்று அத்தான்தான் கண்டார். அவர் அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. வாடகைக் குதிரைவண்டி பிடித்து என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆபீசில் அன்றே என் இடத்தில் வேறொருவனை நிறுத்திவிட்டார்கள் என்பதை வண்டியில் போகும்போது சொன்னார்.

"ஒனக்குக் கை சரியாச்சுன்னா திருப்பி எடுத்துக்கிடுவாக. பெரிய பாபுட்ட சொல்லி வச்சிருக்கேன். கை சரியாகணும், அவ்வளவுதான்."

கை சரியாகாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. வேறு வேலைக்கு எனக்கு எழுத்தும் இல்லை, வாயும் இல்லை. அக்காள் வீட்டில் ஏற்கெனவே ஏழு பேர். ஊரில் வீடே இல்லை. இதையெல்லாம் நான் அப்போது நினைத்ததாகக்கூட ஞாபகமில்லை. வண்டியின் ஆட்டம் கையில் விழாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் அத்தானை வராந்தாவிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே நான் மட்டும். வெள்ளைக்கார டாக்டர் ஒருவர், வயதானவர். அவருக்கு உதவியாக ஒரு வங்காளி டாக்டர், இளம் வயது. வெள்ளைக்காரர் என் கட்டைப் பிரித்தார். விரல்களைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. வங்காளி டாக்டரிடம் வேகமாக ஏதோ சொன்னார். தம் கையினாலேயே தம் மணிக்கட்டில் வெட்டுவதுபோல ஒரு கோடு காட்டினார். அது எனக்குப் புரிந்தது. அழுகிவிட்டது என்று நினைத்துவிட்டார்.

மை என்று சொல்ல வேண்டும். 'காலி' என்று வங்காளியில் சொன்னால் போதும். எனக்கு வாய் வரவில்லை. இடது கையைத் தூக்கிக் காட்டினேன். அதிலும் ஊதா இருந்தது. வங்காளி டாக்டர் புரிந்துகொண்டார். பஞ்சில் ஏதோ நனைத்து வலது கையைத் தேய்த்தார். பஞ்சு ஊதாவாகிவிட்டது. வெள்ளைக்காரர் அந்தப் பஞ்சை வாங்கிப் பார்த்துவிட்டுக் கடகடவென்று சிரித்தார். அந்தச் சிரிப்பினால் எனக்குக் கை மிச்சமாயிற்று. அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

பிறகு அவர் என்னை மேசைமேல் படுக்கச் சொல்லிக் கை காட்டினார். பக்கத்தில் ஒரு புட்டியும் மூக்கில் வைக்கும் துணியும் இருந்தன. புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே குனிந்து, மெதுவாக, குழந்தையிடம் கேட்பதுபோல ஒன்று கேட்டார். நீளமான கேள்வி. அதில் இரண்டு வார்த்தை எனக்குத் தெரிந்தவை. ஒன்று ஸ்பேர். இன்னொன்று பெயின்.

வங்காளி டாக்டர் எனக்குச் சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் நான் சொல்லிவிட்டேன். என்னுடைய வாக்கியம் அவருக்கும் தெரிந்திருக்கிறது, சிரமம் பார்க்காமல் வைத்தியம் செய்வதாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் அப்படிச் சொல்லும்போது நானும் சொல்லாமல் இருக்கலாமா?

"ஸ்பேர் நோ பெயின்ஸ், சார்."

அவசரத்தில் 'ஐ ஷேல்' விட்டுப்போயிற்று.

வெள்ளைக்காரர் நிமிர்ந்தார். என்னைக் கொஞ்சம் பார்த்தார். தலையை ஆட்டினார். புட்டியை மூடித் தள்ளிவைத்துவிட்டு, கையைப் பிடிக்க இரண்டு ஆட்களைக் கூப்பிட்டார்.

அதன் பிறகு நடந்ததை எழுதுவதற்கு அதிகம் இல்லை. விரலில் ஓர் இடத்திலும் உள்ளங்கையில் இரண்டு இடத்திலும் கீறினார்கள். உள்ளே ஏதோ கம்பியை விட்டுத் தோண்டினார்கள். கூரையில் ஒரு பல்லி இருந்தது. அது நகரவே இல்லை. நான் கத்தவில்லை. தைரியம் என்று சொல்ல முடியாது. அத்தனை பேர் நடுவில் கத்த எனக்குக் கூச்சமாக இருந்தது. எல்லாருக்கும் இப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்தேன். ஒரு கட்டத்துக்குமேல் அது வேறொருவர் கைபோல இருந்தது.

வெளியே கொண்டுவந்து பெஞ்சியில் உட்காரவைத்தார்கள். வங்காளி டாக்டரும் கூடவே வந்தார். அத்தானிடம் வங்காளியில் பேசினார்.

"என்ன மஷாய், உங்கள் மைத்துனர் பெரிய வீரராக இருக்கிறாரே! மயக்கமருந்து வேண்டுமா, வலி தெரியாமல் செய்துவிடட்டுமா என்று டாக்டர் ஷாஹேப் கேட்டால், வலியில் ஒன்றும் மிச்சம் வைக்காதீர்கள் என்கிறார்! ஷாஹேப் இப்படி ஓர் ஆளைப் பார்த்ததே இல்லையாம்."

அத்தான் அவரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். டாக்டர் உள்ளே போகும்வரை காத்திருந்தார்.

"நீ என்னவே சொன்ன?"

"நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

அத்தான் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பெயின்னா வலி மாப்ளே."

"சிரமம்னீங்களே?"

"சிரமமுந்தான். வலியுந்தான். கடைசில ஒரு 'ஸ்' இருந்தா சிரமம். இல்லேன்னா வலி."

"'ஸ்' போட்டுத்தான் சொன்னேன் அத்தான்."

அத்தான் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். தோள் குலுங்கியது. பிறகு பார்த்தால் சிரிப்பு இல்லை. அவர் அப்படி உட்கார்ந்திருப்பது பொது இடத்தில் நன்றாக இல்லை என்று எனக்குத் தோன்றியது. "வண்டி கூப்பிடுங்க அத்தான்" என்றேன்.

வீட்டில் என் மனைவிக்கு அத்தானே சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "வலிக்குன்னு தமிழ்ல கத்தியிருந்தாக்கூட விட்டிருப்பாகளே" என்றாள். அவ்வளவுதான். சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். குழந்தைக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய். மாஷிமா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "வீட்டில் இரண்டு குழந்தை" என்றாள். அது எனக்குப் புரிந்தது, என் மனைவிக்குப் புரியவில்லை. நான் மொழிபெயர்க்கவில்லை.

புண் ஆறிவிட்டது. கட்டை அவிழ்த்த அன்று அந்த வெள்ளைக்கார டாக்டர் என்னை அடையாளம் கண்டு முதுகில் தட்டினார். என்னைக் கண்ணை மூடச் சொன்னார்கள். மூடிக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஏன் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று கண்ணைத் திறந்தபோது, வங்காளி டாக்டர் என் நடுவிரலில் குண்டூசியால் குத்திக்கொண்டிருந்தார். ரத்தம் ஒரு புள்ளி வந்திருந்தது. ஆள்காட்டி விரலிலும் அப்படியே. இரண்டும் மடங்கின, நீண்டன, பிடித்தன. உணர்ச்சி மட்டும் இல்லை.

"வந்துவிடுமா?" என்று வங்காளியில் கேட்டேன்.

"வரலாம்" என்றார். முகத்தைப் பார்த்தால் வராது என்று தெரிந்தது.

வீட்டில் சுடுகாப்பி டம்ளரை அந்த விரல்களால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் மனைவி வந்து வாங்கிக் கீழே வைப்பாள். பார்த்தால் தோல் சிவந்திருக்கும். அவள் ஒவ்வொரு நாளும் "வலிக்கா?" என்று கேட்பாள். "இல்ல" என்பேன். உண்மையும் அதுதான்.

ஆபீசுக்குத் திரும்பிப் போன நாள் அத்தானும் டிராமில் கூட வந்தார். இறங்கும்போது, "அந்த வரியச் சொல்லாத" என்றார்.

அழுத்தியின் முன்னால் புதியவன் நின்றுகொண்டிருந்தான். பெரிய பாபு துரையை அழைத்துவந்தார். குமாஸ்தாக்கள் எல்லாரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கதை அங்கே வந்து சேர்ந்திருந்தது. சிலர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். என் வாக்கியத்துக்காகக் காத்திருந்தார்கள்.

துரை என் கையைப் புரட்டிப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்டார். அதில் பெயின் என்ற வார்த்தை இருந்தது. கடைசியில் 'ஸ்' இருக்கிறதா என்று கவனித்தேன். இல்லை.

"நோ பெயின், சார்" என்றேன்.

முன்பு சொன்ன பாதி வாக்கியம் இதுதான். இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"குட்" என்றார் துரை. புதியவனை நகரச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் தாளை நனைத்தேன். இரண்டு விரலையும் அதன்மேல் வைத்தேன். மேசைமேல் வைத்ததுபோல இருந்தது. கொஞ்சம் அழுத்தினேன். கொஞ்சம் தேய்த்துப் பார்த்தேன். ஒரு குத்துமதிப்பாகப் புத்தகத்தை மூடிச் சக்கரத்தைத் திருகினேன். திறந்தபோது மை பரவித் தாள் முழுவதும் ஊதாவாக இருந்தது. கடிதத்தில் ஓர் எழுத்துக்கூட நிற்கவில்லை.

பெரிய பாபு எட்டிப் பார்த்தார். புதியவன் இன்னும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தான். இப்போது ஏதாவது சொல்லிச் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் அந்தக் கடிதத்தை மடித்துத் தம் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு, எழுதிய குமாஸ்தாவிடம் போய், "இதில் பேர் தப்பாக இருக்கிறது, திரும்ப எழுது" என்றார். அவன் முணுமுணுத்துக்கொண்டே எழுதினான். அவர் என் அருகில் வந்து, வாயில் வெற்றிலையோடு, யாருக்கும் கேட்காமல் சொன்னார்:

"அந்தக் கை இல்லை, பெயின்-பாபு. இந்தக் கை."

இடது கையால் தொட்டேன். ஈரம் தெரிந்தது. எவ்வளவு ஈரம் என்பது தெரியவில்லை. அந்தக் கைக்கு அது பழக்கமில்லை. ஆனால் ஈரம் இருந்தது. மூன்று கடிதத்துக்கு நிற்கும் நேரம் நின்று, அந்த ஒன்றைப் பிரதி எடுத்தேன். வெளிறி வந்தது. படிக்க முடிந்தது. பெரிய பாபு வாசலைப் பார்த்துத் தலையசைத்தார். புதியவன் போய்விட்டான். அவன் எங்கே போனான் என்று நான் விசாரிக்கவில்லை.

அந்த அழுத்தியில் அதற்குப் பிறகு பல வருஷம் இடது கையால் வேலை செய்தேன். அந்த முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கழுத்தும் தோளும் மரக்கட்டைபோல் இருந்தன. என் மனைவி காப்பியைக் கொண்டுவந்து என் இடது பக்கம் வைத்தாள்.

"வேல என்ன ஆச்சு?"

"இருக்கு."

"வலிக்கா?"

"வலி இல்ல" என்றேன். பிறகு, அவள் கேட்காமலே, "சிரமமாத்தான் இருக்கு" என்றேன்.

அவள் என் கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தாள்.

"பழகிரும்" என்றாள்.